தாய்மாமன் பார்த்த இரண்டாம் பாதி

16-5-2025, வெள்ளி

இன்று பார்த்த படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் பேனாவைக் கழுவ வேண்டியிருக்கும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து ரோலிங் மில்லில் இருந்து நேராகக் கும்மிடிப்பூண்டி தியேட்டருக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, முதல் நாள், காலைக் காட்சி. சிப்காட்டில் நைட் பார்க்கிறவன் பாதிப்பேர் அங்கேதான் இருந்தான். மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பகலில் தூங்க முடியாது. தியேட்டரில் ஏசி. டிக்கெட் எடுத்துக்கொண்டு தூங்குவதற்கென்றே வருகிற ஜனங்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. நான் படம் பார்க்கப் போகிறவன்.

ஹீரோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனாம். அரை மணி நேரம் முகத்தையே காட்டவில்லை. முதலில் செருப்பு, அப்புறம் கை, அப்புறம் முதுகு. ஒவ்வொன்றுக்கும் விசில். கடைசியில் முகம் வந்தது. மூட்டை தூக்கின முகமா அது? ஃபேஷியல் பண்ணின முகம். பிறகு லாரி நீளத்துக்கு ஒரு துப்பாக்கியை எடுத்து இருநூறு பேரைச் சுட்டான். செத்தவனுக்கெல்லாம் பெண்டாட்டி பிள்ளை கிடையாதா? அந்த ஊரில் ஒரு போலீஸ்காரன் இல்லை, ஒரு ஆம்புலன்ஸ் இல்லை. சீ.

இரண்டாம் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்த்தேன். அனுபவப்பட்டவனுக்குக் காது போதும். முடிவில் விளக்கைப் போட்டபோது திரையில் "பாகம் இரண்டு" என்று இருந்தது. முதல் பாகத்துக்கே கதை இல்லை, இதில் இரண்டாம் பாகம்.

திரும்புகிற வழியில், மில் வாசலில் ஜோசப் காத்திருந்தான். என்னோடு கிரேனில் ஷிஃப்ட் மாற்றுகிற பையன் - பையன் என்ன, அவனுக்கும் நாற்பது ஆகிறது. "அண்ணே, ஞாயித்துக்கெழம ஃபேமிலியோட போலாமா?" என்றான். "வாணாம்" என்றேன். அவ்வளவுதான். இந்த வாரம் எங்கள் மில்லில் இருந்து ஒருத்தனும் போக மாட்டான். ராஜமாணிக்கம் வாயில் இருந்து ஒரு சொல் வந்தால் அதற்கு அப்படி ஒரு மரியாதை. எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் ஒன்பதாவது வாத்தியாரே என்னிடம் வந்து சந்தேகம் கேட்டிருக்கிறார். எளாவூர் செக்போஸ்ட்டில் ஷூட்டிங் நடந்தபோது டைரக்டரே இறங்கி வந்து "சார், நீங்க நடிங்க" என்று கையைப் பிடித்தார். எனக்கு டூட்டி இருந்தது.

வீட்டுக்கு வந்தால் சுமலதா என் கன்னத்தையே பார்க்கிறாள். "சீட்டோட கோடு அப்டியே பதிஞ்சிக்கீது. நல்லா பாத்துக்கினு வந்துருக்க படம்."

பெண்டாட்டிக்கு விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை.


1-6-2025, ஞாயிறு

அக்கா குப்பம்மாள் கவரைப்பேட்டையில் இருந்து வந்திருந்தது. முகம் சரியில்லை. வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது.

"டேய் மாணிக்கம், காயத்ரி ஒரு பையனச் சொல்லுதுடா. சினிமாவுல கீறானாம்."

"நடிக்கிறானா?"

"இல்ல. வெட்டறானாம்."

"ஆளையா?"

"படத்தடா."

எடிட்டருக்கு உதவியாளாம். பெயர் அன்புசெல்வன். அப்பா குப்புராஜ், திருவள்ளூர் பக்கம் நெல் போடுகிறவர், நல்ல குடும்பம். நிலத்தைப் பார்க்காமல் இந்தப் பையன் இருட்டு ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கதாநாயகிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அக்கா மகள், என் காயத்ரி, கெமிக்கல் கம்பெனி லேபில் பெரிய வேலை. அவள் கை காட்டினால்தான் டேங்கர் வெளியே போகும்.

அக்கா வீட்டுக்காரர் போனதில் இருந்து அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது நான்தான். எங்களில் தாய்மாமன் வாயால் "சரி" என்று வராமல் தாம்பூலத் தட்டைக் கீழே வைக்க முடியாது. பையன் கலெக்டராக இருந்தாலும் அதுதான் முறை.

சாயங்காலம் காயத்ரியே போன் பண்ணினாள். "மாமா, இருவத்தேழாந் தேதி அவரு வேல செஞ்ச படம் வருது. நீ பாரு. பாத்துட்டு அப்பறம் சொல்லு. ஒனக்குப் புடிக்கலைனாலும் பரவால்ல, பாத்துட்டுச் சொல்லு."

நியாயமான பேச்சு. படத்தைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவேன். சோற்றைப் பார்த்தால் சமைத்தவளைத் தெரியாதா.


6-6-2025, வெள்ளி

நைட் முடித்து ரயிலேறி சூளூர்பேட்டை. ஆந்திராவில் திரை பெரிது. தெலுங்கு எனக்கு அத்துப்படி. சுமலதா அந்த ஊர்க்காரிதான், அவளே சில வார்த்தைக்கு என்னிடம்தான் அர்த்தம் கேட்பாள். (அவள் வேறு மாதிரி சொல்வாள்.)

பேய்ப் படம். பேய் எதற்கு வந்தது என்று பேய்க்கே தெரியவில்லை. பேய்க்கு ஒரு குத்துப்பாட்டு. பேய் ஆடி முடித்ததும் பூசாரி ஆடுகிறான். சாமியையும் விடவில்லை, பேயையும் விடவில்லை. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை மட்டும் பயந்து அழுதது. அதுவும் சவுண்டுக்கு.

வாந்தி வராத குறை.


15-6-2025, ஞாயிறு

சுமலதாவுடன் ஒரு கிராமத்துப் படம். ஹீரோ விவசாயியாம். சேற்றில் இறங்குகிறான், வேட்டியில் ஒரு துளி சேறு இல்லை. அறுவடை நேரத்தில் நாற்று நடுகிறான். நட்டுக்கொண்டே விவசாயத்தைப் பற்றி லெக்சர். சுமலதா மூன்று தடவை அழுதாள். ஏன் அழுதாய் என்றால், "நீ சும்மா கெட, எங்கம்மா ஞாபகம் வந்துச்சி" என்கிறாள். படத்துக்கும் இவள் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? இப்படித்தான் ஏமாற்றிப் பிழைக்கிறார்கள்.


22-6-2025, ஞாயிறு

பையனைப் பார்த்தேன். கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரில் டீக்கடை. காயத்ரிதான் வரச் சொல்லியிருந்தாள். ஒல்லி. கண்ணெல்லாம் சிவப்பு. குடிக்கிறவன் கண்ணோ என்று நெருங்கி மோந்து பார்த்தேன். இல்லை. ராத்திரியெல்லாம் வேலையாம். நைட் பார்க்கிறவன் கண் எனக்குத் தெரியும், சரி என்று விட்டேன்.

"படத்துல எவ்ளோ வெட்டுவ?" என்று கேட்டேன்.

"எடுத்ததுல முக்காவாசி போயிடும் மாமா."

"மீதிக் காவாசியையும் வெட்டிப் போட்டிருந்தா ஜனங்களுக்குப் புண்ணியமா இருந்திருக்கும்."

சிரித்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன், சிரிக்கிறான். என்னை மாமா என்று கூப்பிட யார் உரிமை கொடுத்தது? இன்னும் தட்டு மாற்றவில்லை, ஒன்றும் இல்லை. டீக்குக் காசையும் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டான். இதெல்லாம் நல்ல அறிகுறி இல்லை.

ஆடி பிறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று அக்கா அவசரப்படுகிறது. ஆடி போனால் ஆவணி. அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்காது.


27-6-2025, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

எழுதவே கை கூசுகிறது. இந்தத் தடவை எங்கள் பிழைப்பிலேயே கை வைத்திருக்கிறார்கள். ஹீரோ இரும்பு மில்லில் கிரேன் ஆபரேட்டர். என் வேலை. தலையில் ஹெல்மெட் இல்லை, முடி கலையக்கூடாதாம். கொக்கியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு மில் முழுக்கப் பறக்கிறான். கீழே வில்லன் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். தொங்குகிற லோடுக்குக் கீழே எவனாவது நிற்பானா? எங்கள் மில்லில் நின்றால் சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளுவான். பர்னஸ் பக்கத்தில் டூயட். ஹீரோயின் பட்டுப் புடவையில். அந்தச் சூட்டுக்கு முதலில் உருகுவது மேக்கப்தானே?

இன்டர்வெல் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். நேற்று ராத்திரி டபுள் லோடு, ஓய்வே இல்லை. இன்டர்வெல்லுக்குப் பிறகு கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பற்றித்தான் யோசனை.

கூட்டுகிற அம்மா விளக்குமாற்றால் காலைத் தட்டியது. "நைனா, எயிந்திரு. அடுத்த ஷோவுக்கு ஆள் வருது."

வெளியே வந்து போனைப் பார்த்தால் அக்கா பல தடவை கூப்பிட்டிருக்கிறது. காத்துக்கொண்டிருக்கிறது பாவம். அப்படியே கவரைப்பேட்டை பஸ்ஸில் ஏறினேன்.

வாசலிலேயே கேட்டது. "இன்னாடா, எப்டி கீது?"

முதல் பாதியைச் சொன்னேன். கொக்கி, பறக்கிறது, பட்டுப் புடவை. அக்காவுக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. "சினிமான்னா அப்டித்தான் இருக்கும். கடேசில இன்னா ஆவுது?" என்று கேட்டது. கடைசியில் என்ன ஆகிறது என்று தாய்மாமன் சொல்லாமல் யார் சொல்வது? அதனால் சொன்னேன். நம்மை மாதிரி வீட்டுப் பெண் ஒருத்தி ஆசைப்பட்டவனோடு ரயிலேறிப் போகிறாள், அவன் அடுத்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்கிறேன் என்று இறங்கிப் போனவன் திரும்பி வரவேயில்லை, தகப்பன் இல்லாத பெண்ணை வளர்த்த தாய் விஷத்தைக் குடிக்கிறாள், அந்த நேரத்துக்கு ஒரு காமெடிப் பாட்டைப் போட்டுச் சிரிக்க வைக்கிறார்கள் என்றேன். பேசப் பேசத் தானாக வந்தது.

"தாய் சாவறப்ப சிரிக்க வெக்கிறவன் ஊட்டுக்கா நம்ம பொண்ணக் குடுக்கறது?" என்று முடித்தேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.


28-6-2025, சனி

அக்கா நேற்றில் இருந்து சாப்பிடவில்லையாம்.


29-6-2025, ஞாயிறு

காயத்ரி வந்தாள். நேற்றே படம் பார்த்துவிட்டு, இன்று காலையில் வந்திருக்கிறாள். சுமலதா நாஷ்டா வைத்தாள், தொடவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"மாமா, அந்த அம்மா விஷம் குடிக்கிற சீன் எப்ப வருது?"

"ரெண்டாவது பாதில."

"நான் முழுசாப் பாத்தேன். அந்தப் படத்துல அம்மாவே கெடையாது. ஹீரோ அநாத."

"நீ சரியா பாக்கல" என்றேன்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. "எங்கம்மாகிட்ட நான் சொன்னேன் மாமா. அப்டி ஒரு சீனே இல்லன்னு. அதுக்கு அம்மா இன்னா சொல்லுது தெரியுமா? என் தம்பி பொய் சொல்ல மாட்டான், நீதான் அந்தப் பையனுக்காகப் பேசறன்னுது. நீயும் வந்து பாருன்னு கூப்டேன். அந்தக் கண்றாவிய நான் வேற பாக்கணுமான்னுது."

போய்விட்டாள். இட்லி அப்படியே இருந்தது. சுமலதா அதை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் ஒரு நக்கலும் செய்யவில்லை. அதுதான் ரொம்பப் பேஜாராக இருந்தது.


2-7-2025, புதன்

நான் என்ன தப்பு செய்தேன்? படம் குப்பை. அது உண்மை. முதல் பாதி குப்பையாக இருந்தால் இரண்டாம் பாதி தங்கமாகவா இருக்கும்? நான் சொன்ன சீன் இல்லாவிட்டால் என்ன, அதை விடக் கேவலமாக வேறு ஒன்று இருந்திருக்கும். பெண்ணைப் பெற்றவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம் சொன்னேன். அவ்வளவுதானே?

அவ்வளவுதானா?

சுமலதா சொல்லிவிட்டாள். "போய் ஒங்க அக்காகிட்ட தூங்கிட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்ததான். இன்னா கொறஞ்சி பூடுவ?"

குறைந்துதான் போவேன். கண்ணால் பார்த்தேன் என்று சொன்னவன் கண்ணை மூடியிருந்தான் என்று தெரிந்தால், இத்தனை வருஷம் சொன்ன படமெல்லாம் என்ன ஆவது? ஜோசப் என்ன கேட்பான்? அக்கா இனிமேல் எதற்கு என்னைக் கேட்கும்? அந்த வீட்டில் எனக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள் என்றால் என் பேச்சுக்குத்தானே. பேச்சு போனா நாற்காலி மட்டும் இன்னாத்துக்கு?

தூக்கமே வரல. வர வேண்டிய எடத்துல வராத தூக்கம், வரக் கூடாத எடத்துல வந்து என் மானத்த வாங்கிடுச்சி.


6-7-2025, ஞாயிறு

சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

அக்கா வஞ்சிர மீன் வாங்கி வைத்திருந்தது. எனக்காக. நடுத்துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்துக்கொண்டே, "நீ இல்லனா நான் என் பொண்ண பாழுங்கெணத்துல தள்ளியிருப்பேன்டா. அப்பன் இல்லாத கொறய நீதான் பாத்துக்கற" என்றது. முள் தொண்டையில் நின்றது மாதிரி இருந்தது. முள் இல்லை. வஞ்சிரத்தில் ஏது முள்.

காயத்ரி லேபுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாளாம், வீட்டில் இருக்கப் பிடிக்காமல். அம்மாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சு இல்லை.

பையன் வீட்டார் வருகிற ஞாயிறு வருகிறார்கள். முன்னாடியே பேசின பேச்சு. வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "வரட்டும். அவன் மூஞ்சிக்கி நேராக் கேக்கறேன். ஏன்டா அப்டி ஒரு சீன வெச்சேன்னு. கேட்டுட்டு அனுப்பறேன்" என்கிறது அக்கா.

அவனிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? இல்லை என்று சொல்வான். படத்தை வெட்டினவனே சொன்னால் அது தீர்ப்பு. காயத்ரி பக்கத்தில் நிற்பாள். குப்புராஜ் முன்னால், அவர் சொந்தக்காரர்கள் முன்னால், ராஜமாணிக்கம் பொய்யன்.

மீன் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சொல்லாமலே வந்துவிட்டேன்.


13-7-2025, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எதையும் சேர்க்கவில்லை.

அவர்கள் பக்கம் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். குப்புராஜ் உழைத்த மனிதர், கை பார்த்தால் தெரிகிறது. வணக்கம் சொல்லிவிட்டுத் தட்டை நடுவில் வைத்தார். பெரியவர் ஒருவர், அவருடைய சித்தப்பா, "தாய்மாமன் இன்னா சொல்றாரு?" என்று ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டது. சுவரோரம் நின்றிருந்த பையனைப் பார்த்தே கேட்டது.

"ஒன்னு கேக்கணும் தம்பி. என் தம்பி ஒங்க படத்த முத நாளே காலைல போய்ப் பாத்துட்டு வந்தான். ஒரு தாய் விஷம் குடிச்சி சாவறா, அதுக்குச் சிரிப்புப் பாட்டு போட்டீங்களாமே. பெத்தவ சாவு ஒங்களுக்குச் சிரிப்பா?"

குப்புராஜ் மகனைத் திரும்பிப் பார்த்தார். பையனுக்குக் குழப்பம், முகத்தில் தெரிந்தது. காயத்ரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். சொல்லு மாமா என்கிற மாதிரி ஒரு பார்வை.

அறுபதடி உயரத்தில் பத்து டன் இரும்பைத் தொங்க விட்டுக்கொண்டு நிதானமாக உட்காருகிறவன் நான். இங்கே நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தேன். எழுந்துவிட்டேன் என்பது சத்தியம். "அக்கா, அது வந்து" என்றும் சொல்லிவிட்டேன்.

அதற்குள் பையன் பேசினான்.

"இருந்துச்சி அத்தை. முத நாள் காலக் காட்சில மட்டும் இருந்துச்சி."

அக்கா உட்கார்ந்தது.

"அந்த சீனப் பாத்துட்டு நெறைய பேரு மனசு கஷ்டப்பட்டுப் போன் பண்ணாங்க. நானும் மொதல்லேர்ந்தே வாணாம்னுதான் சொல்லிக்கினு இருந்தேன், யாரும் கேக்கல. அன்னிக்கி மத்தியானமே தூக்கிட்டோம். மாமா காலைல பாத்ததால அவருக்கு மட்டும் வந்துருக்கு. காயத்ரி பாத்தப்ப இல்ல. அம்மான்ற கேரக்டரே இல்லாம பண்ணிட்டோம்."

அடப்பாவி. கண் இமைக்கவில்லை, குரல் தடுக்கவில்லை. எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே வேண்டுமோ அங்கே பெருமூச்சு விட்டு, போகிற போக்கில் தன்னையும் நல்லவனாக்கிக்கொண்டு. நான் இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கே அப்படி ஒரு கோர்வை வந்ததில்லை.

அக்கா முதலில் என்னைப் பார்த்தது, பிறகு காயத்ரியைப் பார்த்தது. "கேட்டியாடி? ஒங்க மாமன் சொன்னது பொய்யில்ல. நீ சொன்னதும் பொய்யில்ல." சொல்லிவிட்டு அழுதது. இத்தனை நாளுக்கும் சேர்த்து அழுதது. காயத்ரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உதடு துடித்தது, அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியும்.

பெரியவர் மறுபடியும் கேட்டார். "அப்ப தாய்மாமன்?"

"சரி" என்றேன்.

தட்டு மாற்றினோம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போதவில்லை என்று சொல்லி நானும் பையனும் வெளியே வந்தோம். கடையில் கேட்டுவிட்டேன்.

"ஏன்பா அப்டிச் சொன்ன?"

"இல்லன்னு சொன்னா ஒங்களுக்கு அசிங்கம். அசிங்கப்பட்டவரு கையால மால வாங்க எனக்கு இஷ்டமில்ல." பிறகு, "எதுவரைக்கும் பாத்தீங்க மாமா?" என்றான்.

"இன்டர்வெல் வரிக்கும்."

"அதுவே பெருசு. நான் எடிட் பண்றப்பவே அந்த செகண்ட் ஹாஃப்ல ரெண்டு வாட்டி தூங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரன் பார்க்கிறான் என்று அடக்கினேன், அடங்கவில்லை. அப்புறம் அந்தப் படத்தை இரண்டு பேரும் நின்று திட்டினோம். கொக்கியில் தொங்குகிற சீனை நான் சொல்ல, அது எடுத்தது இன்னும் நீளம் மாமா, மில்லை மூன்று சுற்று சுற்றுவான், நான்தான் இரண்டு சுற்றை வெட்டினேன் என்கிறான். மனசு விட்டுத் திட்டினான். என்னை விட நன்றாகத் திட்டினான். உள்ளே இருக்கிறவனுக்குத்தான் நாற்றம் அதிகம் தெரியும் போலிருக்கிறது.

சுண்ணாம்பை வாங்க மறந்து திரும்பிவிட்டோம்.


17-7-2025, வியாழன்

ஆடி பிறந்தது. அக்கா கூழுக்குக் கேழ்வரகு ஊற வைக்கிறேன் என்று போன் பண்ணியது. பின்னால் காயத்ரி குரலும் கேட்டது.


4-9-2025, வியாழன்

கல்யாணம் முடிந்தது. மாலை எடுத்துக் கொடுத்தேன். நான் எடுத்துக் கொடுத்தபோது மண்டபமே எழுந்து நின்றது. (பந்திக்குப் போக எழுந்தார்கள் என்கிறாள் சுமலதா.)

வீடியோக்காரன் ஒரு கழுதை. நான் சீர்த்தட்டோடு நடந்து வந்ததை சரியில்லை என்று மூன்று தடவை நடக்க வைத்தான். மெதுவாக நடங்க, மெதுவாக, சிரிக்காதீங்க என்கிறான். தலைக்கு மேல் ஒரு பொம்மை ஹெலிகாப்டர் வேறு பறந்தது, புரோகிதர் மந்திரத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சினிமா பிடித்த சனியன் கல்யாணத்துக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை என் காதருகே வந்து, "விடுங்க மாமா, இத நான் வெட்டித் தரேன்" என்றான்.


16-11-2025, ஞாயிறு

மாப்பிள்ளை தனியாக எடிட் பண்ணின முதல் படம். போஸ்டரில் கீழே, சின்ன எழுத்தில், அவன் பெயர் இருக்கிறது. தியேட்டர் வாசலில் சுமலதா அதைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தது. காயத்ரி போட்டோ எடுத்தாள்.

படம் குப்பை.

ஹீரோ டாக்டர். ஆபரேஷன் பண்ணுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஆளை அடிக்கிறான். அடித்தவனுக்கே ஆபரேஷன் பண்ணுகிறான், அதுதான் கதையாம். வில்லனுக்கு ஒரு கண் இல்லை, ஒரு சீனில் வலது கண் இல்லை, இன்னொரு சீனில் இடது கண் இல்லை. மழையில் ஒரு பாட்டு, பனியில் ஒரு பாட்டு, சுடுகாட்டில் ஒரு பாட்டு. ஹீரோயினுக்கு மொத்தம் நாலு வசனம், அதில் மூன்று "என்னாச்சு". முதல் சீனில் இருந்து கடைசி வரைக்கும் கொட்டக் கொட்ட முழித்துப் பார்த்தேன். இதைப் பார்த்ததற்கு எனக்கு மெடல் கொடுக்க வேண்டும். இந்தக் கண்றாவியை எடுத்தவனைக் கொக்கியில் மாட்டி -

விடு.

வெளியே ஜோசப் நின்றான், அடுத்த காட்சிக்கு எங்கள் மில் ஆட்கள் நாலைந்து பேரோடு. டிக்கெட் எடுக்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அண்ணே, எப்டிண்ணே?"

எனக்குப் பின்னால் அக்கா, காயத்ரி. கொஞ்சம் தள்ளி மாப்பிள்ளை, எங்களுக்கு டீ வாங்கிக்கொண்டு வருகிறான். அவன் என்னைப் பார்க்கவில்லை. டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நடக்கிறான்.

"போலாம்" என்றேன்.

ஜோசப் நம்பவில்லை. "நீ போலாம்னு சொல்லி நான் கேட்டதே இல்லியேண்ணே."

"அதான் சொல்றேன் இல்ல. கட்டிங்லாம் ஒரு எடத்துல தடுக்கல, தண்ணி மாரி ஓடுது. ஒக்காந்தவன் எயிந்திருக்கல. எங்க மாப்ள பண்ணது. ஃபேமிலியோட போ."

அவன் அங்கேயே நின்று போனில் எல்லாரையும் கூப்பிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசியிருக்கிறார்களாம். பி ஷிஃப்ட் மொத்தமும், பெண்டாட்டி பிள்ளைகளோடு. ஜோசப்பின் மாமியாரும் வருகிறாராம், முட்டி வலியோடு.

பாவம்.